டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு எல் 200 பிக்கப்பில் புகை: ஈ.ஜீ.ஆரை அடைப்பது சரியா?

கேள்வி (தலவாக்கலை)

வணக்கம். எங்கள் வீட்டில் மிட்சுபிஷி எல் 200 டபுள் கேப் ஒன்று உள்ளது. 4டி56 டர்போ டீசல் எஞ்சின். அப்பா காலத்திலிருந்து மரக்கறி ஏற்றி நுவரெலியாவுக்கு ஓடுகிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் வேறு வாகனம் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, இதையே செப்பனிட்டு வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஒரு கராஜில் டைமிங் பெல்ட்டை (எஞ்சினின் உள்பாகங்களை நேரம் தவறாமல் சுழற்றும் பல் பட்டி) மட்டும் மாற்றி, அதை இறுக்கிப் பிடிக்கும் பழைய டென்ஷனரையே திரும்பப் பூட்டினார்கள். அன்றிலிருந்து காலையில் எஞ்சின் எளிதில் பிடிப்பதில்லை, வெள்ளைப் புகை வருகிறது; சுமையுடன் நானுஓயா ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது. புகைப் பரிசோதனையிலும் தவறிவிட்டதால் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாமல் நிற்கிறோம். வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜீ.ஆர் குழாயைத் தகடு வைத்து அடைத்தால் எல்லாம் சரியாகும் என்று கராஜ்காரர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில் 1 (பண்டாரவளை, கராஜ் வைத்திருப்பவர்)

தம்பி, அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். பெல்ட் மாற்றிய நாளிலிருந்தே கோளாறு தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் டீசல் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. பெல்ட் பூட்டும்போது பம்ப் பல்சக்கரம் உள்ளிருக்கும் ஸ்பிரிங் விசையால் தானாகவே சற்றுத் திரும்பிவிடும் இயல்புடையது. அதைப் பிடித்து நிறுத்தாமல் பெல்ட்டைப் போட்டால், பல்சக்கரங்களைப் பொருத்த வேண்டிய இடத்தைக் காட்டும் குறிகளில் கேம் குறி சரியாக இருந்தும் பம்ப் குறி ஒரு பல் தள்ளி நின்றுவிடும். எஞ்சின் ஓடும், ஆனால் டீசல் பிந்திப் பாயும். அதனால்தான் குளிரில் வெள்ளைப் புகையும், இழுவைக் குறைவும், அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கரும்புகையும் வரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கொழும்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிழைகூட நமது மலையில் புகையாக வெளிவந்துவிடும்.

ஆகவே மூடியைக் கழற்றி கிராங்க் (எஞ்சினின் பிரதான தண்டு), கேம், பம்ப் ஆகிய மூன்று குறிகளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டைப் பூட்டியபின் கிராங்க்கைக் கையால், எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகே மூடியைப் போட வேண்டும். அதன்பின் பம்ப் டைமிங்கை டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து அளப்பது நல்லது.

ஈ.ஜீ.ஆர் வால்வு, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பி எரிதல் வெப்பத்தைக் குறைக்கிறது. நைதரசன் ஒக்சைட்டுகள் குறைவது அதனால்தான். கரி படிந்து திறந்தபடியே இறுகிவிட்டால் அதுவும் கரும்புகைக்குக் காரணமாகும் என்பது உண்மையே. அப்படியானால் கழற்றிச் சுத்தம் செய்து, வால்வு முழுதாக மூடுகிறதா, வெக்கியூம் குழாயில் வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள். புகைப் பரிசோதனையில் டீசல் வாகனத்துக்குப் புகையின் கருமையை மட்டுமே அளக்கிறார்கள். தகடு வைத்துத் தேறிவிட்டாலும் பம்ப் பிழை அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயுவும் கூடும். தோட்டத்து லயன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒட்டித்தான் நமது பாதைகள் போகின்றன. அதைப் பிள்ளைகள் சுவாசிப்பதை நான் விரும்பவில்லை.

பதில் 2 (வெலிமடை)

ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த எஞ்சினில் பெரிய பெல்ட்டுக்குப் பின்னால், அதிர்வைக் குறைக்கும் பலன்ஸ் ஷாஃப்டுக்கென்று சிறிய பெல்ட் ஒன்று உண்டு. எங்கள் வாகனத்தில் பெரியதை மட்டும் மாற்றிவிட்டுச் சிறியதைப் பழையபடியே விட்டிருந்தார்கள். ஹப்புத்தளைக்கு ஏறும்போது அது அறுந்து, அதன் துண்டுகள் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி, ரொக்கர் ஆர்ம்கள் உடைந்து வால்வுகளும் வளைந்தன. ஹெட்டைக் கழற்றிச் செய்த செலவில் இரண்டு பெல்ட், டென்ஷனர்கள், முன்பக்க ஒயில் சீல்கள் எல்லாவற்றையும் பல தடவை வாங்கியிருக்கலாம். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சினோடு வரும் டென்ஷனரை வாங்கிப் பூட்டாதீர்கள். அதன் பெயாரிங் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. சீல் ஒழுகி ஒயில் பட்டாலும் புதிய பெல்ட் விரைவில் கெட்டுவிடும்.

இன்னொன்று: ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்ற கணக்கை மலைப் பாதையில் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டாம் கியரிலேயே ஏறி இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எஞ்சின் கூடுதலாகச் சுழல்கிறது.

கேள்வி கேட்டவர்

அண்ணன், ஐயா, இருவருக்கும் நன்றி. வேறொரு கராஜில் மூடியைக் கழற்றிப் பார்த்தோம்; பம்ப் குறி ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. சிறிய பெல்ட்டின் ஓரமும் வெடித்திருந்தது. இரண்டு பெல்ட்டும் டென்ஷனர்களும் கிராங்க் சீலும் புதிதாகப் போட்டு, ஈ.ஜீ.ஆரைக் கழற்றிக் கரியெடுத்து மீண்டும் பூட்டினோம். இன்று காலை முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்தது. ஏற்றத்தில் பின்னால் வந்த முச்சக்கர வண்டி புகையில் மறையவில்லை. திங்கட்கிழமை மீண்டும் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம்.