அப்டேட்: பிசிஏஏ, கிரியேட்டின், பீட்ரூட் - 8 வாரம் கழிச்சு

6 வருஷமா 1500 மீட்டர் ஓடுறேன், இந்த மூணையும் வாங்கலாமான்னு முன்ன ஒரு த்ரெட்ல கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட்.

பிசிஏஏவ (தசைக்குன்னு விக்கிற அமினோ அமில பவுடர்) நிறுத்திட்டேன். உடம்பு எடை கிலோவுக்கு தினம் 1.6 கிராம் புரோட்டீன் முட்டை, பயறு, பால்லயே வந்துடுது, அதுக்கு மேல பவுடர் வெட்டிச் செலவு. கிரியேட்டின் (தசைக்கு சட்டுனு சக்தி குடுக்க உதவுற பவுடர்) தினம் 3 கிராம், ஜிம்ல எடைய ரெண்டு தடவ கூட தூக்க முடிஞ்சுது, ஆனா தசைல தண்ணி சேர்ந்து ஒரு கிலோ ஏறிடுச்சு, 1500 ஓடுற எங்களுக்கு அது சுமை, ஸ்பிரின்ட் ஓடுறவங்க தாராளமா எடுக்கலாம்.

பீட்ரூட்டத்தான் ரொம்ப நம்பினேன். அதுல இருக்க நைட்ரேட்ட நம்ம வாயில இருக்க பாக்டீரியாதான் நைட்ரைட்டா மாத்துது, அப்பதான் அது உடம்புக்கு பயன்படும், மவுத்வாஷ் போட்டா அந்த பாக்டீரியா செத்துடும், நான் தினமும் போட்டுட்டு இருந்தேன், அத விட்ட பிறகும் டைமிங் பெருசா மாறல. நல்லா பயிற்சி எடுத்த உடம்புக்கு நைட்ரேட் பலன் கம்மிதான்னு ஆய்வுகளும் சொல்லுது.

2018 ஐஓசி (சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி) அறிக்கைல, விளையாட்டுத் திறன கூட்டும்னு நல்ல ஆதாரம் இருக்குன்னு சொன்னதே காஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், பைகார்பனேட்னு ஒரு அஞ்சுதான். எனக்கு ஒத்து வந்தது காஃபீன் மட்டும், உடம்பு எடை கிலோவுக்கு 3 மில்லிகிராம், ரேஸுக்கு ஒரு மணி நேரம் முன்ன.

ஜூனியர் பசங்களா, லேபிள்ல இல்லாதது கலந்திருந்து டோப் டெஸ்ட்ல மாட்டுனாலும் பொறுப்பு உங்க மேலதான், பேட்ச் டெஸ்ட் (தடை செஞ்ச பொருள் கலந்திருக்கான்னு ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் சோதிக்கிறது) பண்ணாத டப்பாவ தொடாதீங்க ப்ளீஸ்.