பேரிடர் நிவாரணம் மத்திய அரசின் கடமையா, மாநில அரசின் கடமையா?

கேள்வி: ஏரல் வாசகன்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி பெருக்கெடுத்து ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களை மூழ்கடித்ததையும் பலரும் அறிவீர்கள். அப்போது இதைத் 'தேசியப் பேரிடர்' என அறிவிக்க வேண்டும் என்று மாநில அரசு கேட்டது. அப்படி அறிவிக்கும் வழக்கமே இல்லை என்று மத்திய அரசு மறுத்தது. மிக்ஜாம் புயலுக்கும் தென் மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 38,000 கோடி ரூபாய் கேட்கப்பட்ட நிலையில், 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது 276 கோடி ரூபாய். எல்லையில் ஒரு கிராமம் தாக்கப்பட்டால் அதைக் காப்பது மத்திய அரசின் கடமை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அதே கிராமம் வெள்ளத்தில் அழிந்தால் மட்டும் பொறுப்பு ஏன் இரண்டு அரசுகளுக்கு இடையே பந்தாடப்படுகிறது? சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் 1: சட்டப்பிரியன்

நாட்டின் பாதுகாப்பும் ஆயுதப் படைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலில் வெளிப்படையாக இடம்பெற்றுள்ளன. பேரிடர் மேலாண்மை என்ற தலைப்போ எந்தப் பட்டியலிலும் இல்லை. 2004 சுனாமிக்குப் பின் கொண்டுவரப்பட்ட 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம்கூட, மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் சமூகப் பாதுகாப்பு, சமூகக் காப்பீடு ஆகியவற்றைக் குறிக்கும் 23-ஆம் பதிவைப் பற்றிக்கொண்டுதான் இயற்றப்பட்டது. நீங்கள் சொல்லும் பந்தாட்டம் இங்கேதான் தொடங்குகிறது.

'தேசியப் பேரிடர்' என்று அறிவிப்பதற்கு அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை என்பது உண்மைதான். 'கடுமையான தன்மை கொண்ட பேரிடர்' என்று வகைப்படுத்தும் நடைமுறை மட்டும் உண்டு. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்கு அந்த வகைப்பாடு கிடைக்கவே டிசம்பர் ஆகிவிட்டது. ஆனால் அறிவிப்பு இல்லை என்பதாலேயே கடமையும் இல்லை என்று ஆகிவிடாது. படைகளை அனுப்புவது உட்பட மத்திய அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கைகளைப் பிரிவு 35 பட்டியலிடுகிறது. பாதிக்கப்பட்டோருக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச நிவாரணத்தைப் பிரிவு 12 பேசுகிறது. கொரோனாவில் இறந்தோரின் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்குவது பற்றிய வழக்கில், அந்தப் பிரிவு கட்டாயமானதல்ல என்ற மத்திய அரசின் வாதத்தை 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன் பிறகே அந்தக் குடும்பங்களுக்கு 50,000 ரூபாய் வந்தது. கடன் சலுகைக்குப் பரிந்துரைக்க இடம் தந்த பிரிவு 13, 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் நாடு முழுவதையும் முடக்கிய உத்தரவு இதே சட்டத்தின்கீழ்தான் பிறந்தது. ஊரையே முடக்க டெல்லிக்கு அதிகாரம் தரும் ஒரு சட்டம், ஊர் மூழ்கும்போது மட்டும் 'முதல் பொறுப்பு மாநிலத்துடையது' என்று மத்திய அரசு சொல்லும் வாசகத்துக்குப் பின்னால் ஒதுங்க இடம் தருவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற வருவாய்த் துறையாளன்

சட்டப்பிரியன் அவர்களின் விளக்கம் சரியானது. ஆனால் முதல் பொறுப்பு மாநிலத்துக்கு என்பதை வெறும் சாக்காக நான் பார்க்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயிலில் ஏறத்தாழ 800 பேர் சிக்கிக்கொண்டபோது ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்பே சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். முதல் 24 மணி நேரம் எப்போதும் ஊராருக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும், தீயணைப்பு வண்டிக்கும் உரியது. அதை டெல்லியிலிருந்து நடத்த முடியாது.

சிக்கல் தண்ணீர் வடிந்த பிறகுதான் தொடங்குகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் பொதுவாக மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25 சதவீதம். அந்தப் பணத்தை எதற்கு, எவ்வளவு கொடுக்கலாம் என்ற அளவுகோலை வகுப்பது மத்திய உள்துறை. 2023 வெள்ளத்தின்போது இருந்த அளவுகோல் இது: உயிரிழப்புக்கு 4 லட்சம். சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1.20 லட்சம், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், அதுவும் சேதம் 33 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும். மாநிலம் கேட்பது நடந்த இழப்பின் மதிப்பை, மத்திய அரசு கணக்கிடுவது இந்த அளவுகோலின்படி. நீங்கள் குறிப்பிட்ட 38,000-க்கும் 276-க்கும் இடையிலான பள்ளத்தில் பெரும்பகுதி இங்கேதான் விழுகிறது.

கணக்கெடுப்பிலும் ஒரு கொடுமை உண்டு. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் கிராமக் கணக்கான அடங்கலில் நிலத்தின் உரிமையாளர் பெயர் இருக்கும்; வாய்மொழிக் குத்தகைக்கு வாழை போட்டவர் பெயர் இருக்காது. வயலில் சாய்ந்து கிடப்பது அவருடைய வாழை. பணம் போவது சென்னையிலோ கோவையிலோ இருக்கும் பட்டாதாரரின் கணக்குக்கு. எந்த அரசின் பொறுப்பு என்று வாதிடும் முன் இந்த ஓட்டையை அடைப்பது மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது.

பதில் 3: முன்னாள் சிப்பாய்

படையில் இருந்தவன் என்ற முறையில் ஒரு கருத்து. மாவட்ட நிர்வாகமும் மாநில அரசும் கேட்டால் இராணுவம் வரும். வந்தால் வேலை நடக்கும். வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவு 190 அடி நீளப் பெய்லி பாலத்தை இரவு பகலாக இரும்புச் சட்டங்களைத் தோளில் சுமந்து பூட்டி முடித்ததை நாடே பார்த்தது. 2015-இல் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளம் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் எல்லைக் காவலுக்குப் பயிற்சி பெற்ற படையை ஒவ்வொரு மழைக்கும் இழுத்துவருவது சரியல்ல. பேரிடர் மீட்புக்கென்றே தேசிய பேரிடர் மீட்புப் படை உருவாக்கப்பட்டது. அதன் நான்காம் அணி அரக்கோணத்திலேயே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. 2006 முதல் நடந்த மீட்புப் பணிகளுக்கான விமானச் செலவு என்று 132 கோடி ரூபாய்க்கு மேல் கேரளத்திடம் கேட்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றமே அதைக் கேள்வி கேட்டது. எல்லையில் பறக்கும் ஹெலிகாப்டருக்கு எந்த மாநிலத்துக்கும் கட்டண பில் போவதில்லை. கூரைமேல் நின்ற குடிமகனைத் தூக்கியதற்கு மட்டும் பில் போவது, ஒரு நாட்டின் பாதுகாப்பு என்று எதைக் கருதுகிறோம் என்ற கேள்வியை எழுப்புகிறது.

ஏரல் வாசகன்:

மூவருக்கும் நன்றி. பணத்தைப் பற்றிய வாதத்தை இரண்டு அரசுகளிடமே விட்டுவிடுவோம். அடுத்த மழைக்கு முன் எங்களைப் போன்றவர்கள் யாரிடம், எதைக் கேட்க வேண்டும்?

ஓய்வுபெற்ற வருவாய்த் துறையாளன்:

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 31-இன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மாவட்ட இணையதளத்தில் கிடைக்கும். அதில் உங்கள் ஊருக்கு ஒதுக்கிய முகாம் 2023-இல் மூழ்கிய அதே பள்ளிக்கூடமா என்று பாருங்கள். படகு, பொக்லைன் உரிமையாளர்களின் எண்களை அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்களை எழுதிவைத்து, கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்து, ஒப்புகையுடன் ஆட்சியருக்கு அனுப்புங்கள்.