8×6 அடி ஷெட், கையில 150 பவுண்டு: பபிள் ஃபாயில் போதுமா?

தையல்காரி:
அவசரம்ங்க. லண்டன் ஹாரோ பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆகுது. தோட்டத்து மர ஷெட்லதான் தையல் மெஷின். ராத்திரி விரல் விறைச்சுப் போகுது. காலையில பார்த்தா கூரை ஆணி நுனியெல்லாம் தண்ணி முத்து முத்தா கோத்து நிக்குது. லைனிங் துணியில கறுப்புப் புள்ளி வேற. பொங்கலுக்குள்ள 14 பிளவுஸ் குடுக்கணும். பபிள் ஃபாயில், அதான் வெள்ளித்தாள் ஒட்டின குமிழி பிளாஸ்டிக், சுவர்ல ஒட்டினா சரியாகுமா?

வெம்பிளிவாசி:
ஷெட்ல படுக்கைய மட்டும் போட்டுடாதீங்க. 15 சதுர மீட்டருக்குள்ள இருந்தா பில்டிங் ரெகுலேஷன் (கட்டட விதி) கிடையாதுங்கறதே யாரும் தூங்காத ஷெட்டுக்குத்தான். கவுன்சில் கண்ணுல பட்டா வம்பு.

ஈஸ்ட்ஹாம் மாமா:
அவா தைக்கிறன் எண்டுதானே சொல்லுறா, படுக்கிறன் எண்டு எங்க சொன்னவா? தங்கச்சி, ஒரு பரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டர் வாங்கி வையுங்கோ. எங்கட முதல் குளிர்காலமும் அதோடதான் போனது.

மரவேலை:
மாமா, கோவிக்காதீங்க, அது வேண்டாம். ஒரு லிட்டர் பரஃபின் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா அறைக்குள்ளயே நிக்கும். மூடின ஷெட்ல கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேற. ஆணி நுனியில மட்டும் தண்ணி நின்னா அது பெரும்பாலும் ஒழுகல் இல்ல. உள்ள இருக்கற ஈரக்காத்து குளிர்ந்த இரும்புல பட்டு வேர்க்குது. பபிள் ஃபாயிலுக்கு முன்னால 20 மிமீ காத்து இடைவெளி இருந்தாத்தான் கொஞ்சமாவது பலன். மரத்து மேலயே ஒட்டினா காசு போச்சு.

குரோய்டன் தம்பி:
சுவருக்குள்ள கிளாஸ் வுல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) அடைங்கக்கா, மலிவு.

மரவேலை:
ஒத்தைப் பலகைச் சுவர்ல மழை ஈரம் உள்ள வரும். அந்தப் பஞ்சு அதைக் குடிச்சு, தொய்ஞ்சு கீழ இறங்கிடும். மேல பாதி வெறும் சுவர்தான் மிஞ்சும்.

வெம்பிளிவாசி:
இவ்வளவு வாடகை வாங்கறாங்க, வீட்டுக்குள்ள ஒரு மெஷின் போட இடம் இல்ல. நாலு மணிக்கே இருட்டு. பில்லைப் பார்த்தாலே வேர்க்குது, ஹீட்டரே வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் மாமா:
அது உண்மை. வாடகை ஏத்தேக்க மட்டும் ஓனருக்கு எங்கட நம்பர் ஞாபகம் வரும்.

நூல்கண்டு:
புலம்பல் போதும். தையல்காரி, மூணு விஷயம் சொல்லுங்க. வாடகை வீடா? சுவர்ச் சட்டம், அதான் வெளிப்பலகையைத் தாங்கற மரக்கட்டை, எத்தனை மிமீ ஆழம்? கரண்ட் எங்கிருந்து வருது?

தையல்காரி:
வாடகைதான். ஓனர் திருகு போட்டுக்கோங்க, ஆனா போகும்போது கழட்டணும்னார். சட்டம் 28 மிமீ. கரண்ட் சமையலறையிலிருந்து ஒயர் உருளைல வருது, பாதி சுத்தினபடியே கிடக்கு. அதுலயே 2000 வாட் ஹீட்டரும் 2400 வாட் ஸ்டீம் அயர்ன் பாக்ஸும்.

மரவேலை:
முதல்ல ஒயரைக் கவனிங்க. 13 ஆம்ப் பிளக் தாங்கறது சுமார் 3000 வாட், நீங்க இழுக்கறது 4400. சுத்தின உருளை சூடாகி உருகும். முழுசா விரிங்க, இஸ்திரியை வீட்டுக்குள்ள கொண்டு போங்க. அந்த ஆவிதான் பாதி வேர்வை. ஹீட்டருக்குப் பதிலா 1000 வாட் ஆயில் ரேடியேட்டர் போதும். நிரந்தர லைன் வேணும்னா அது எலக்ட்ரீஷியன் வேலை.

இப்ப சுவர். 25 மிமீ பி.ஐ.ஆர். பலகை (ரெண்டு பக்கமும் ஃபாயில் ஒட்டின, குளிர் தடுக்கற கெட்டி ஃபோம்) எடுங்க. ஒரு ஷீட் 2400×1200. சுவருக்கு 5, கூரைக்கு 2. புதுசு வாங்கினா 150 பத்தாது, 'செகண்ட்ஸ்' (சின்னக் குறையோட மலிவா விக்கறது) கேளுங்க. மேல்தாள் சுருங்கி கொப்புளம் விட்டிருக்கும், அவ்வளவுதான். 28 மிமீ சட்டத்துல 25 மிமீ பலகையைத் தள்ளினா வெளிப்பலகையோட ஒட்டிக்கும், மழை ஈரம் காய வழியில்லாம மரம் மக்கும். அதனால ஒவ்வொரு சட்டத்து மேலயும் 25 மிமீ பேட்டன் (மெல்லிய மரப்பட்டி) திருகுங்க. பலகையைப் பேட்டனோட முன்பக்கத்துக்குச் சமமா நிறுத்தினா பின்னால 28 மிமீ காத்துக்கு. பலகை பின்னால நழுவாம இருக்க சட்டத்துல ரெண்டு ஆணி அடிச்சு நிறுத்துங்க. பக்கத்து இடுக்கை ஃபோம்ல அடைச்சு, எல்லா மூட்டுக்கும் அலுமினியம் டேப் ஒட்டுங்க. டேப்தான் உள் ஈரத்தைத் தடுக்குது, அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

குரோய்டன் தம்பி:
கூரை ஓரத்துல காத்து வர்ற இடுக்கையும் ஃபோம்ல அடைச்சிடணும்ல?

மரவேலை:
அடைக்கவே கூடாது! பலகைக்குப் பின்னால காத்து அந்த வழியாத்தான் ஓடணும். கதவு, ஜன்னல் ஓரத்துக்கு மட்டும் ஃபோம் ஸ்ட்ரிப். கூரையில பலகைக்குப் பின்னால 50 மிமீ இடைவெளி விட்டா நல்லது.

நூல்கண்டு:
பி.ஐ.ஆரை அப்படியே விடாதீங்க, தீ பிடிக்கும். மேல 6 மிமீ பிளைவுட் திருகுங்க. பழசு கிடைச்சாலும் போதும். அறுக்கும்போது மாஸ்க் போடுங்க. தரை முழுசும் இப்ப வேண்டாம். மிச்சத் துண்டுகளைச் சேர்த்து மெஷின் பெடலுக்கும் நாற்காலிக்கும் அடியில மட்டும், மேல 18 மிமீ சிப்போர்ட் (மரத்தூள் பலகை). கார்ப்பெட் வேண்டாம், ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

தையல்காரி:
துணி மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டேன். காசு குறைஞ்சா எதை விடலாம்?

மரவேலை:
கூரையை விடாதீங்க. காசு வர்ற வரைக்கும் பிளைவுட் இன்னும் போடாத சுவர்ப் பக்கம் ஹீட்டரை வைக்காதீங்க. கறுப்புப் புள்ளி மரத்துலயும் இருந்தா, பலகை ஏத்தறதுக்கு முன்னாடி பூஞ்சை மருந்து அடிச்சு நல்லா காய விடுங்க. ஈரத்தோட மூடினா சுவருக்குப் பின்னால வளரும்.

தையல்காரி:
இருக்கு. மூலையில ரெண்டு அடி உயரத்துக்கு. சனிக்கிழமை மருந்து, அடுத்த வாரம் பேட்டன்.