லோட் ஆவரேஜ், அப்டைம்: பணிச்சுமைச் சராசரி, இயங்கிவரும் நேரம்?

வணக்கம். வழங்கிகளைக் (சர்வர்) கண்காணிக்கும் திரையில் வரும் இரண்டு சொற்களுக்குத் தமிழ் தேடும் இழைக்கு என் பதில் இது. லோட் ஆவரேஜ் என்பது கணினியில் ஓடும், காத்திருக்கும் பணிகளின் சராசரி எண்ணிக்கை. அப்டைம் என்பது அது எவ்வளவு நேரமாக விடாமல் இயங்குகிறது என்பது. முதலில், இழையில் வந்த ஒரு யோசனை:

> லோட் ஆவரேஜுக்கு "மையச் செயலகச் சுமை" என்றே போட்டுவிடலாம். படித்தவுடன் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த எண் மையச் செயலகத்தை (சிபியு) மட்டும் அளப்பதில்லை. ஓடும் பணிகள், முறை வராமல் வரிசையில் நிற்பவை, இவற்றோடு வட்டின் பதிலுக்காக எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடப்பவையும் சேர்த்தி. இந்தக் கடைசி வகையை 1993இல் சேர்த்தார்கள்.

நாங்கள் கண்காணிக்கும் வழங்கி ஒன்றில், என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக இணைத்த சேமிப்பகம் திடீரென்று பதில் தராமல் போனது. மீதமுள்ள இடத்தைப் பார்க்க நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பும் நிரல் ஒவ்வொன்றும் அங்கேயே மாட்டிக்கொண்டது. சுமை 40ஐத் தாண்டியது. செயலகமோ சும்மா இருந்தது. திரையில் "மையச் செயலகச் சுமை 40" என்றிருந்தால், எந்த நிரல் செயலகத்தைத் தின்கிறது என்றுதான் பார்ப்பவர் தேடுவார். நள்ளிரவில் எழுந்து வருபவரை நம் சொல்லே வழி தவறவைக்கக் கூடாது.

என் பரிந்துரை: பணிச்சுமைச் சராசரி. எண்ணப்படுவது பணிகள்தானே. முடியாமல் தேங்கி நிற்கும் வேலையையும் நாம் பணிச்சுமை என்றுதான் சொல்கிறோம். லினக்ஸ் இந்த எண்களைத் தரும் லோட்ஆவ்ஜி கோப்பில் இப்படி ஒரே வரி இருக்கும்:

0.42 0.61 0.80 2/315 10482

முதல் மூன்றும் 1, 5, 15 நிமிடப் பணிச்சுமை. அடுத்தது, இந்த நொடியில் ஓடுகிற அல்லது ஓடத் தயாரான பணிகளும் மொத்தப் பணிகளும். கடைசி எண், புதிதாகப் பிறந்த பணியின் அடையாள எண். ஒரே சொல் வரி முழுவதற்கும் கைகொடுக்கிறது. பழைய அளவுகளின் பங்கு தேய்ந்துகொண்டே போவதால் இது சராசரியே அல்ல என்று ஒருவர் மறுத்திருந்தார். எடையிட்ட சராசரியும் சராசரிதான். அதை விட வேண்டாம்.

சரி, அப்டைம். "இயக்கநேரம்" ஏற்கெனவே ரன்டைமுக்கு, அதாவது ஒரு நிரல் ஓடும் நேரத்துக்கு, புழங்குகிறது. "மறுதொடக்கத்துக்குப் பின் கழிந்த நேரம்" எல்லா இடத்திலும் பொருந்தாது: எஸ்என்எம்பி (வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) தரும் அப்டைம், பொறியை நிறுத்தாமல் அதில் தகவல் தரும் முகவர் நிரலை மட்டும் மறுபடி தொடங்கினாலும் சுழியத்திலிருந்து எண்ணும். அதோடு, நொடியில் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணுவதால் 497 நாள் கடந்ததும் தானாகவே சுழியத்துக்குத் திரும்பிவிடும். "இயங்கிவரும் நேரம்" போதும். இடையில் விடாமல் என்பதை "வரும்" சொல்லிவிடுகிறது. "இயங்கிவரும் நேரம்: 12 நாள்" என்று திரையிலும் இயல்பாக உட்காரும்.

சேவை ஒப்பந்தங்களில் 99.9 விழுக்காடு என்று வரும் அப்டைம் வேறு பொருள்: மொத்த நேரத்தில் சேவை கிடைக்கும் பங்கு. அதற்குத் தனிச்சொல் வேண்டும். தனி இழையில் பேசலாம்.