புதுப்பிப்பு: சின்ன லாரியின் தகுதிச் சோதனை முடிவு

என் சின்ன சரக்கு லாரியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டு போகிறேன், எதில் மாட்டும் என்று முன்பு கேட்டிருந்தேனே, போய் வந்தாச்சு. முதல் தடவை ஃபெயில்.

பலரும் பயமுறுத்திய புகைச் சோதனையில் ஒரு பிரச்சினையும் இல்லை. மாட்டியது பின் பிரேக்கில். பிரேக் பிடிப்பை அளக்கும் ரோலரில் ஏற்றியதும் வலது சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது, இடது பக்கம் பாதிகூட இல்லை. ஓட்டும்போது எனக்கு இது தெரியவே இல்லை, வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை. பிரேக் டிரம்மைக் கழற்றினால், சக்கர ஹப்பில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் கசிந்து, கிரவுன் ஆயில் (பின் அச்சில் உள்ள கியர் எண்ணெய்) டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங் முழுக்க ஊறிக் கிடக்கிறது. பெட்ரோலில் கழுவித் தேய்த்தால் போதும் என்று ஒருவர் சொன்னார், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஊறின எண்ணெய் சூடேறினால் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றி இரண்டு பக்கமும் புது லைனிங் போட்டேன், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடி அதே ஏற்றத்தாழ்வுதான்.

அப்புறம் ஹெட்லைட். பாரம் ஏற்றினால் வெளிச்சம் மேலே தூக்குகிறதே என்று டேஷ்போர்டில் உள்ள, வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் திருகியை இறக்கி வைத்து மறந்துவிட்டேன், காலி வண்டியில் அது தரையைப் பார்த்தது. 0-க்குத் திருப்பினேன், சரியாகிவிட்டது.

இரண்டாம் தடவை பாஸ். டை ராட் (ஸ்டீயரிங் திருப்பத்தை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) முனையில் லேசான ஆட்டம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்து அதைத்தான் பார்க்க வேண்டும்.