ஆறாவது பாகத்துக்குக் காத்திருந்த கதை: உங்களுடையதையும் எழுதுங்கள்

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் தொடரின் ஐந்து பாகங்களையும் 2013இல் நான்கே மாதத்தில் வாசித்து முடித்தேன். ஐந்தாவது பாகம் வந்தது 2011 ஜூலையில். அதனால் ஆறாவது பாகமான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் கைக்கு வந்துவிடும் என்று நம்பினேன். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது என் மகள் தானாகவே புத்தகம் எடுத்து வாசிக்கும் வயதுக்கு வந்துவிட்டாள்.

போன வாரம் ரயிலில் நடந்ததைச் சொல்கிறேன். எதிரில் அமர்ந்திருந்த அம்மா கையில் மூன்றாவது பாகம் இருந்தது. பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தார். அடுத்து வருவது வாசிப்பவர்களை உலுக்கிவிடும் கல்யாண அத்தியாயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் போனில் கண் நிற்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பக்கம் பின்னால் திருப்பி மறுபடி வாசித்தார். அப்புறம் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் மெதுவாக, "அந்தக் கல்யாணமாம்மா?" என்று கேட்டேன்.

"நீங்களும் படிச்சிருக்கீங்களா? கொஞ்ச நேரம் பேசாம இருக்கலாமா?" என்றார்.

அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. அதன் பிறகு இறங்கும்வரை பேசினோம். இறங்கும்போதுதான், "மொத்தம் எத்தனை பாகம், எல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டார். ஏழு என்று திட்டம், ஐந்துதான் வந்திருக்கிறது என்றேன். அவர் முகத்தில் வருத்தம் வரும் என்று நினைத்தேன். "அப்ப இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. காத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

* * *

நான் உங்களுக்கு மூத்த தலைமுறை. 2005இல் நான்காவது பாகம் வந்தபோதே வரிசையில் இருந்தவள். மூன்றாவது வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆசையாகத் திறந்தால் எனக்குப் பிடித்த மூன்று பேரையும் காணவில்லை! டிரியன், ஜான், டெனேரிஸ் மூவருக்கும் ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. கடைசியில் ஆசிரியரின் குறிப்பு ஒன்று இருந்தது. கதை ஒரே புத்தகத்தில் அடங்காத அளவுக்கு நீண்டுவிட்டதாம். எல்லோருடைய கதையையும் பாதி சொல்வதைவிட, பாதிப் பேருடைய கதையை முழுதாகச் சொல்வது மேல் என்று பிரித்துவிட்டாராம். மற்றவர்கள் அடுத்த ஆண்டு வந்துவிடுவார்கள் என்று மனதார நம்புவதாகவும் எழுதியிருந்தார்.

அந்த அடுத்த ஆண்டு ஆறு ஆண்டு ஆனது. நான் அந்தக் குறிப்பை மனப்பாடமாகவே வைத்திருந்தேன். முதலில் கோபம் வந்தது, உண்மை. ஆனால் அந்த ஆறு வருடத்தில் நான்காவது பாகத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் வாசிப்பில் தேவையில்லாத பயணம் என்று தள்ளிய, பிரியென் என்ற வீராங்கனையின் அத்தியாயங்கள்தான் இன்று எனக்கு மொத்தத் தொடரிலும் மிகப் பிடித்தவை. போர் முடிந்த ஊர்கள், எரிந்த சத்திரங்கள், வழியில் சந்திக்கும் அந்தத் துறவி படைவீரர்களைப் பற்றிச் சொல்லும் நீண்ட பேச்சு. ஐந்தாவது உடனே வந்திருந்தால் அவற்றைத் தாண்டி ஓடியிருப்பேன்.

* * *

எனக்குப் பார்வை குறைவு. இந்தத் தொடரை நான் 'வாசித்தது' முழுக்க ஆடியோபுக்கில்தான். அதனால் என் காத்திருப்பு கொஞ்சம் வேறு மாதிரி.

ராய் டோட்ரிஸ் என்ற நடிகர்தான் வாசித்தார். முதல் பாகத்தில் மட்டும் 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்தார், அது கின்னஸ் சாதனை. நான்காவது பாகத்தை முதலில் வேறொருவர் வாசித்திருந்தார். நல்ல வாசிப்புதான், ஆனாலும் பழகிய வீட்டில் வேறு யாரோ குடியிருப்பது போல இருந்தது எனக்கு. பிறகு டோட்ரிஸே அதையும் வாசித்துப் பதிவு செய்தார். கேட்ட அன்று அழுதுவிட்டேன்.

அவர் 2017 அக்டோபரில் 94 வயதில் இறந்துவிட்டார். எல்லோரும் ஆசிரியரின் வயதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் வரையில் டிரியன் ஏற்கனவே போய்விட்டான். ஆறாவது வரும் நாளில் நீங்கள் எல்லோரும் பழைய நண்பர்களைப் பார்ப்பீர்கள். நான் புதிய குரலில் அவர்களோடு முதலிலிருந்து பழக வேண்டும். அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

* * *

மேலே எழுதியவரின் வரிகளை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்ய முடியவில்லை. என் அனுபவம் வேறு தொடரில். ஆனால் இங்கே பலர் மனதில் இருந்தும் சொல்லாமல் விடும் பயம் எங்களுக்கு நடந்தேவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

'தி வீல் ஆஃப் டைம்' முதல் பாகம் 1990இல் வந்தது. நான் பள்ளியில் இருந்தபோது தொடங்கி, வேலைக்குப் போன பிறகும் காத்திருந்தேன். 2005இல் பதினொன்றாவது வந்தது, இன்னும் ஒன்றே ஒன்றுதான் என்றார் ராபர்ட் ஜோர்டன். 2006இல் தனக்கு அமைலாய்டோசிஸ் என்ற அரிய ரத்த நோய் இருப்பதாக அவரே அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று இறந்துவிட்டார். செய்தியைப் பார்த்தபோது முதலில் கதையின் நினைவே வரவில்லை. பதினைந்து வருடமாக என்னோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் போய்விட்டார், அவ்வளவுதான் தோன்றியது. கதை என்ன ஆகும் என்ற கேள்வி மறுநாள்தான் வந்தது. அது வந்ததற்கே குற்ற உணர்ச்சியாக இருந்தது.

ஆனால் அவர் எங்களை மறக்கவில்லை. கடைசி மாதங்களில் முடிவு வரை குடும்பத்தாரிடம் சொல்லி வைத்தார், குறிப்புகளை விட்டுச் சென்றார், சில காட்சிகளை எழுதியே வைத்திருந்தார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் தொடக்கத்திலிருந்தே அவருடைய எடிட்டர். அவர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். சாண்டர்சன் சிறு வயதிலிருந்தே இந்தத் தொடரின் வாசகர், நம்மைப் போல அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தவர்! ஒரு புத்தகம் என்றது மூன்றாகி 2009, 2010, 2013 என்று வந்தது. எழுத்து நடை மாறியது உண்மைதான். மேட் என்ற பாத்திரத்தின் நகைச்சுவை முதலில் சரியாக அமையவில்லை என்பது என் கருத்து. ஆனாலும் கடைசிக் காட்சி ஜோர்டன் தானே எழுதி வைத்தது. அங்கே வந்ததும் கை நடுங்கியது. 23 வருடத்துக்கு முன் தொடங்கிய அதே குரல், இறந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு மறுபடி பேசுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். மார்ட்டினின் வயதைக் கணக்குப் போட்டுத் தயவுசெய்து எழுதாதீர்கள். அவர் வீட்டாரும் வாசிப்பார்கள்.

* * *

மார்ட்டினின் புத்தகங்களை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரை நான் பார்க்கவே இல்லை. 2016 ஜனவரியில் மார்ட்டின், புத்தகம் இன்னும் முடியவில்லை என்று தன் தளத்தில் எழுதினார். தொடர் புத்தகத்தைத் தாண்டிப் போகப்போகிறது என்று அன்று உறுதியானது. காத்திருந்தது காத்திருந்தோம், புத்தகத்திலேயே தெரிந்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். 2019இல் கடைசி அத்தியாயம் வெளியான வாரம் போனை அணைத்தே வைத்திருந்தேன். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் லிஃப்டில் என் எதிரிலேயே முடிவைச் சொல்லிவிட்டார். சிம்மாசனம் யாருக்கு என்று தெரிந்துபோனது. ஆனால் அது எப்படி, ஏன் என்பது இன்னும் எனக்குத் தெரியாது. அதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள்.

* * *

முதலில் எழுதியவன் நான்தான். எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். அக்கா, உங்களை நம்பி பிரியெனை மறுபடி தொடங்குகிறேன். வீல் ஆஃப் டைம் அண்ணா, உங்கள் வேண்டுகோள் எனக்கும் சேர்த்துத்தான், இனி வயதுக் கணக்கு என் வாயிலிருந்து வராது.

ஐந்து பாகத்துக்கும் அத்தியாயங்களை எண்ணிப் பார்த்தேன். 73, 70, 82, 46, 73. மொத்தம் 344. நாளுக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பனிக்காட்டில் மூன்று பேர் போகும் அந்த முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு நாளும் இரவு அன்றைய அத்தியாயத்தைப் பற்றி மட்டும் பேசுவோம், அடுத்ததைத் தொட வேண்டாம். யாரெல்லாம் வருகிறீர்கள்?

* * *

நான் வருகிறேன். டோட்ரிஸின் குரலிலேயே கேட்டுக்கொண்டு வருகிறேன்.