ஏப்ரலுக்குக் கவிதை வேண்டும், உங்கள் குரலோடு

வணக்கம். புதுச்சேரியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். அமெரிக்காவில் 1996 முதல் ஏப்ரலைக் கவிதை மாதமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கோ பாரதிதாசன் இதே ஊரில் பிறந்தது 1891 ஏப்ரல் 29, மறைந்தது 1964 ஏப்ரல் 21. பிறகென்ன, தினமும் வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு கவிதை என்று ஆரம்பித்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், நான் படித்தால் பிள்ளைகள் பாடமென்று நினைத்து நோட்டை எடுத்துவிடுகிறார்கள். போன வாரம் என் தங்கை வாட்ஸ்அப்பில் படித்து அனுப்பியதைப் போட்டேன். பின்னணியில் குக்கர் விசில். வகுப்பே சிரித்தது, அப்புறம் "இன்னொரு தடவை போடுங்க மிஸ்" என்றார்கள். மறுநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நோட்டின் பின் அட்டையில் நாலு வரி எழுதி வந்தான்: அப்பா வலையில் மீனுக்குப் பதில் நிலா மாட்டிய கதை.

நீங்களே எழுதிய கவிதையை ஒரு நிமிடத்துக்குள் படித்து அனுப்புவீர்களா? கடலூர்ப் பக்கத்துப் பேச்சிலேயே இருந்தால் இன்னும் நல்லது. காதல் கவிதை மட்டும் வேண்டாம், வகுப்பு தாங்காது. கையில் ஒன்பதுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போதும். அப்படியே யாராவது பழைய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று கடன் கொடுங்கள். என் போன் சத்தம் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை.